பாறைக்கும் வழிக்கும் ஒரே எழுத்து

சென்ற மாதம் ஒரு காலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது பழைய அலுவலகத்திலிருந்து நந்தினி அழைத்தாள்.

"ஆன்ட்டி, சிரிக்கக் கூடாது. கனடா பக்கம் ஒரு கடற்கரை. இப்பல்லாம் மெஷினே தமிழ்ல பேர் போட்டுத் தருது. ஒரு இடத்துக்கு 'சின்னக் கிச்சுகிச்சு'ன்னு போட்டிருக்கு. அப்படியே விட்டுரவா?"

நான் சிரித்துவிட்டேன். நியூஃபவுண்ட்லாந்து தீவுக்காரர்கள் 'டிக்கிள்' என்று சொல்வது கிச்சுகிச்சு மூட்டுவதை அல்ல. இரண்டு கரைகளுக்கு நடுவே படகு உரசாமல் நுழைந்து போவதே பெரும்பாடான ஒடுங்கிய நீர்வழி அது. "குறுநீர்வழின்னு போடுடி" என்றேன். போட்டுக்கொண்டாள். "நீங்க இதையெல்லாம் எழுதி வெச்சா நல்லா இருக்கும் ஆன்ட்டி" என்றும் சொன்னாள்.

நான் எழுதி வைத்தவள்தான். எழுதி வைத்ததில் ஒரு வரி என்னை என்ன பாடு படுத்தியது என்பது நந்தினிக்குத் தெரியாது. அவள் வேலையில் சேருவதற்கு முன்னால் நடந்தது அது.

என் பெயர் ரீட்டா. அப்பா பெங்களூர் சிவாஜிநகரில் தையல் கடை வைத்திருந்தார். கல்லூரியில் இரண்டாம் மொழியாக பிரெஞ்சு எடுத்தால் மார்க் கொட்டும் என்று யாரோ அவரிடம் சொல்ல, பிரான்ஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாமலே நான் பிரெஞ்சு எடுத்தேன். மார்க் கொட்டத்தான் செய்தது. அப்புறம் பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் பிரெஞ்சு டீச்சர். தொண்டை போனதுதான் மிச்சம். கன்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில், வெளிநாட்டுக் கடல் வரைபடங்களைக் கணினியில் ஏற்றும் கம்பெனி ஒன்று பிரெஞ்சு தெரிந்த ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கடலுக்குப் பெயர் எழுதும் வேலை. ஓய்வு பெறும்வரை அதையேதான் செய்தேன்.

வேலை இதுதான். பழைய காகித வரைபடத்தில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் எடுத்து, அது எந்த வகை என்று குறிக்க வேண்டும். நிலமா, நீரா, படகு போகும் வழியா, அபாயமா என்று நான்கே வகை. இந்தப் பட்டியல் சின்னப் படகுகளில் வைக்கும் ஒரு கருவிக்குள் போகும். 'வழி' என்று குறித்தால் திரையில் பச்சைப் புள்ளி. 'அபாயம்' என்று குறித்தால் சிவப்பு. படகு அதன் அருகே போனால் கருவி கத்தும்.

கேட்பதற்கு எளிது. ஆனால் கடற்கரைக்காரர்கள் அகராதியைப் பார்த்துப் பெயர் வைப்பதில்லையே. கார்ன்வாலில் பாறைச் சுவரைக் கிழித்துக்கொண்டு கடல் உள்ளே நுழைந்த பிளவுக்கு 'சான்' என்பார்கள். அதே பிளவுக்கு ஷெட்லாந்தில் 'ஜியோ'. தென் இங்கிலாந்தில் கடலை நோக்கிச் சரியும் ஓடைப்பள்ளம் 'சைன்'. அதே எழுத்துகள் பிரெஞ்சில் சீனா. எங்கள் அலுவலகப் பையன்களில் ஒருவன் இங்கிலாந்தின் கடலோரப் பள்ளங்கள் ஆறேழைக் கொண்டுபோய்ச் சீனாவில் சேர்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டான். 'பாரஷ்வா' என்ற சொல் இன்னும் மோசம். கனடாவில் அது மணல்திட்டுக்குப் பின்னால் தேங்கிய உப்புநீர். மொரீஷியஸில் கல்சுவர் கட்டி மீன் வளர்க்கிற கடலோரக் குளம். ஒரே சொல், ஆனால் ஊருக்கு ஊர் வேறு பொருள்.

எனக்கு மேலாளராக வந்தவர் சுப்ரியா நாயக். கார்வார்ப் பெண். என்னைவிடப் பதினோரு வயது சின்னவர். சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருந்து, முதுகு வலியால் கரைக்கு வந்தவர். கப்பலில் கூட இருந்தவர்கள் தூத்துக்குடிக்காரர்கள் என்பதால் தமிழ் பேசுவார். கன்னடச் சாயலில் ஒரு தூத்துக்குடித் தமிழ். முதல் முறை கேட்டபோது நான் வாயைப் பொத்திக்கொண்டேன். என்னை 'ரீட்டா அவரே' என்பார். நான் அவரை மேடம் என்பேன். வயதைக் கணக்குப் பார்த்தால் இருவருக்கும் சங்கடம் என்பதால் இருவருமே பார்க்கவில்லை.

குரலை உயர்த்த மாட்டார். விஷயம் பெரிதென்றால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைப்பார். அது மேஜையில் இருக்கும்வரை அந்த அறையில் எல்லோரும் தும்மக்கூட யோசிப்போம். எந்தப் பெயரைக் கொண்டுபோனாலும், கடல் வற்றும் நேரத்தை மனதில் வைத்து ஒரே கேள்விதான் கேட்பார்: "தண்ணி வத்துனா அங்க என்ன தெரியும்?" பதில் தெரியாவிட்டால் பெயர் நம் மேஜைக்கே திரும்பிவிடும். ஆனால் பிரிவின் சொற்பட்டியலில் ஏற்கெனவே ஏறிவிட்ட சொல்லுக்கு அந்தக் கேள்வி கிடையாது. சொற்பட்டியலை எழுதுவது நான். பிரெஞ்சு டீச்சர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்பது எல்லோருடைய நம்பிக்கை. என்னுடைய நம்பிக்கையும் அதுதான்.

முதல் சில வருடங்கள் எங்களுக்கு வந்தவை வெப்பக் கடல் தீவுகள். அங்கே பவளத்திட்டுக்கு நடுவே படகு நுழையும் திறப்புக்கு பிரெஞ்சில் ஒரு சொல் உண்டு. அதைக் காதால் கேட்டபடி தமிழில் என் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன்: 'பாஸ் – வழி. படகு போகும்.' எல்லாச் சொல்லையும் அப்படித்தான் தமிழில் எழுதி வைப்பேன். வேகமாக எழுத வரும், பஸ்ஸில் போகும்போது படிக்கவும் வசதி.

பிறகு பிரிட்டனி வந்தது. பிரான்சின் மேற்குக் கோடி, எங்கு பார்த்தாலும் பாறை. அந்தத் தாள்களிலும் 'பாஸ்' என்று தொடங்கும் பெயர்கள் நிறைய இருந்தன. சொற்பட்டியலில் சேர்க்கச் சொன்னார்கள். நோட்டைப் புரட்டினேன். இருந்தது. 'வழி' என்று தட்டச்சு செய்து ஏற்றினேன். பிரெஞ்சில் முதல் எழுத்து மட்டும் வேறாக இருந்ததைக் கவனிக்காமல் இல்லை. ஆனால் அப்படி எழுதும் பிரெஞ்சுச் சொல்லுக்கு 'தாழ்ந்த' என்று ஒரு பொருள் உண்டு. ஆழம் குறைந்த வழியாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். படித்தவர்கள் தப்புச் செய்தால் கூடவே ஒரு விளக்கமும் செய்துகொள்வோம் இல்லையா, அந்த மாதிரி.

பட்டியல் போய்ச் சேர்ந்து பத்து நாள் ஆகியிருக்கும். காலையில் சிவாஜிநகர் பஸ் நிலையத்தில் வண்டி மாறி ஏறினேன். நிற்க இடமில்லை. கண்டக்டர் எனக்கு முன்னால் நின்ற ஒருவரின் தோளைத் தட்டி, "பாஸ், கொஞ்சம் பாஸ் காட்டுங்க பாஸ்" என்றார்.

அவர் பாஸை எடுத்துக் காட்டினார். கண்டக்டர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். நான் அதே இடத்தில் நின்றேன். முதலாளி என்று ஒரு பாஸ், பயணச்சீட்டு என்று ஒரு பாஸ். வாயில் இரண்டும் வேறு ஒலி. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே 'பா'. நம் எழுத்தில் அழுத்திச் சொல்லும் 'பா'வும் (P) மெல்லச் சொல்லும் 'பா'வும் (B) ஒன்றுதான். படிக்கிறவர் தாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். என் நோட்டில் இருந்தது எந்தப் பாஸ்?

அலுவலகத்துக்குப் போய்ப் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் பிரிட்டனித் தாளை விரித்தேன். அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆழம் குறித்த எண் இருந்தது. ஒன்று, ஒன்றரை, அரை. அந்தக் கரைச் சொற்களுக்கென்று ஒரு பழைய பிரெஞ்சுக் கையேடு மேல் அலமாரியில் தூசியோடு கிடந்தது. இறக்கிப் பார்த்தேன். பிரிட்டனி மீனவர்கள் மெல்லிய 'பா'வில் சொல்லும் பாஸ், எப்போதும் நீருக்குள்ளேயே மறைந்திருக்கும் பாறை. கடல் நீர் வற்றினாலும் தலை காட்டாது. படகின் அடியைக் கிழிப்பதற்கென்றே இருப்பது.

ஐம்பத்திரண்டு பாறைகளுக்குப் பச்சைப் புள்ளி வைத்து, வாருங்கள் இப்படிப் போங்கள் என்று அனுப்பியிருந்தேன்.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் போனது தேநீர் அறைக்கு. அடுத்த மாதம் திருத்தப் பதிப்பு ஒன்று போக இருந்தது. அதில் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் பூமியில் ஒரு ஜீவனுக்கும் தெரியாது. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் முதலில் இருந்த வருடம் அது. தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதத்தில் எத்தனை நாள் கடலுக்குப் போவார்கள் என்ற கணக்கு மட்டும் மனதில் திரும்பத் திரும்ப ஓடியது. தேநீரைக் கொட்டிவிட்டு சுப்ரியா மேடத்தின் அறைக் கதவைத் தட்டினேன்.

"என்ன ரீட்டா அவரே, ஏன் நிக்குதீங்க? உக்காருங்க."

நான் உட்காராமலே சொன்னேன். முழுவதும் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எத்தனை பாறை?"

"அம்பத்திரண்டு, மேடம்."

"படகுல ஏறிருச்சா?"

"சோதனைக்கு வெச்சிருப்பாங்க. எத்தனை படகுன்னு தெரியல."

"தண்ணி வத்துனா?"

"ஒண்ணும் தெரியாது. உள்ளேயேதான் இருக்கும்."

ஒப்புதல் தாளை எடுத்துப் பார்த்தார். எழுதியவர் ரீட்டா. சரிபார்த்தவர் மகாதேவ். ஒப்புதல் சுப்ரியா நாயக். மகாதேவுக்கு பிரெஞ்சு தெரியாது. சொற்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தார். ஒப்பிட்டால் சரியாகத்தான் இருக்கும்.

"நானும் இதுல கையெழுத்துப் போட்டிருக்கேன் பாருங்க. கேக்க வேண்டிய கேள்விய கேக்கல" என்றார் மேடம். "சரி. இப்ப அழுவுறதுன்னா அழுங்க, ஆனா அஞ்சு நிமிஷம்தான். அப்புறம் வேல இருக்கு."

எனக்கு அழுகை வரவில்லை. பிரிட்டனித் தாளை எடுத்துவரப் போனேன்.

பிரான்சில் அப்போது விடிந்திருக்கவில்லை. அவர்கள் அலுவலகம் திறக்க நம் கணக்கில் நண்பகல் தாண்ட வேண்டும். அந்தக் காத்திருப்பில் நாங்கள் இருவரும் ஐம்பத்திரண்டு பெயர்களையும் ஒவ்வொன்றாக எடுத்து எழுதினோம். நான் பெயர் சொல்ல, அவர் இருப்பிட எண்களைச் சொல்ல, மகாதேவ் எழுதினார். "பி" என்று நான் எழுத்துக்கூட்டினால் மகாதேவுக்கு P-யா B-யா என்று சந்தேகம். "பி ஃபார் பெங்களூரு" என்றேன். "பெங்களூருவா, பேங்காக்கா?" என்றார் மகாதேவ். "ரெண்டும் அதே பிதான் மாராயா!" என்று மேடம் நெற்றியில் அடித்துக்கொண்டார். அந்தக் கலவரத்திலும் மூவரும் சிரித்தோம்.

வாடிக்கையாளர் தரப்பில் பெயர்களைப் பார்ப்பவர் எர்வே. பிரிட்டனிக்காரர், மீன்பிடி ஊரில் பிறந்தவர். அவரோடு அதுவரை கடிதத்தில்தான் பழக்கம். தொலைபேசியில் நானே பேச வேண்டும் என்றார் மேடம். எந்த டீச்சரும் சொல்லித் தராத பிரெஞ்சில், உடைந்து உடைந்து சொன்னேன். 

எர்வே சொன்னார்: "கருவி ஆறு படகில் இருக்கிறது. ஆறு பேரையும் எனக்குத் தெரியும். ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறேன். நீங்கள் இடத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள்."

அரை மணியில் முதல் தகவல் வந்தது. நான்கு படகுகள் துறைமுகத்திலேயே இருந்தன. ஐந்தாவது படகுக்காரர் உடனே திரும்பினார். ஆறாவது படகிலிருந்து பதில் இல்லை. அதில் ஒருவர் தன் மகளோடு, நண்டு பிடிக்கப் போட்ட கூடுகளை எடுக்கப் போயிருக்கிறாராம். போன இடம் எங்கள் தாளில் இருந்தது. அந்த வட்டாரத்தில் மட்டும் ஏழு பச்சைப் புள்ளிகள்.

மதியச் சாப்பாட்டை யாரும் தொடவில்லை. மேடம் அந்தத் தாளை என் முன்னால் வைத்து, அந்தப் படகு எந்தப் பக்கமாகத் திரும்பி வரலாம் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கோடு போடுவார், அழிப்பார். கப்பல்காரருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாததால் நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். மூன்று மணி ஆனது. நான்கு ஆனது. ஒரு முறை தொலைபேசி அடித்தது. கீழ்மாடியில் யாரோ வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டார்களாம். வாட்ச்மேனுக்கு அன்று மேடத்திடம் கிடைத்த பதிலை நான் எழுத முடியாது.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் எர்வே அழைத்தார். எடுத்ததுமே சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் மேடத்தைப் பார்த்துத் தலையாட்டினேன். படகு கரைக்கு வந்துவிட்டது. கருவியைப் பற்றி எர்வே பதறிப்போய்க் கேட்டதற்கு அந்த மனிதர் சொன்னாராம்: "அந்தப் பெட்டியா? அது ஓயாமல் கத்துகிறது. முதல் நாளே அணைத்துத் துண்டு போட்டு மூடிவிட்டேன். என் மகளுக்கு அந்தப் பாறைகளை ஐந்து வயதிலிருந்து தெரியும்."

மேடத்திடம் தமிழில் சொன்னேன். கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார். "சாப்பிடுவோமா? வயிறு ஒட்டிப் போச்சு" என்றார்.

அதன் பிறகு இரண்டு வாரம், தினமும் மதியம் எர்வேயோடு தொலைபேசியில் அந்த ஐம்பத்திரண்டு பெயர்களையும் சரிசெய்தோம். நான் பெயரைப் படிப்பேன். அவர் அந்தப் பாறையின் வரலாற்றைச் சொல்வார். அலை எப்போது அதன்மேல் உடையும், எந்தக் காற்றில் உடையாமல் ஏமாற்றும் என்பதெல்லாம் வரும். ஒன்றைப் படித்தபோது, "இந்தப் பாறைக்கு எங்கள் ஊரில் மூன்று பேரைத் தெரியும்" என்றார். பாறையைத் தெரிந்தவர்கள் மூன்று பேர் என்றுதான் சொல்லியிருப்பார், என் பிரெஞ்சில்தான் கோளாறு என்று நினைத்துத் திருப்பிக் கேட்டேன். அவர் நிதானமாக, "இல்லை மேடம், நீங்கள் சரியாகத்தான் கேட்டீர்கள். மூன்று பேரும் திரும்பி வரவில்லை. மூன்றாவது ஆள் என் தாய்மாமன்" என்றார். அன்று அதற்கு மேல் பெயர் எதுவும் படிக்கவில்லை.

ஒப்பந்தம் கைவிட்டுப் போகவில்லை. மேடம் எழுதிய விளக்கக் கடிதத்தில் தன் பெயரை முதலில் போட்டிருந்தார். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. மகாதேவுக்குக் கிடைத்தது. மதிப்பீட்டுத் தாளில் மேடம் இரண்டையும் எழுதியிருந்தார்: தவறு செய்தார் என்று ஒரு வரி, தானே வந்து சொன்னார் என்று ஒரு வரி. மேலிடம் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டது. எனக்கு வருத்தம்தான். வீட்டில் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் என் கணவர், "நீ சொல்லாம இருந்து, அந்தப் பொண்ணு படகு போயிருந்தா இப்ப எத்தனை வருஷம் பேசாம இருப்பே?" என்று கேட்டார். எழுந்து போய் அவருக்குக் காபி போட்டேன்.

அலுவலகத்தில் ஒரு மாற்றம் வந்தது. சொற்பட்டியலில் 'எந்த ஊர்' என்று ஒரு கட்டம் சேர்த்தார் மேடம். ஊர் இல்லாமல் எந்தச் சொல்லும் ஏறக் கூடாது. நான் நோட்டில் பிரெஞ்சுச் சொல்லை பிரெஞ்சு எழுத்திலேயே எழுதி, பொருளை மட்டும் தமிழில் எழுதத் தொடங்கினேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு எர்வேயும் அவர் மனைவியும் புதுச்சேரி பார்க்க வந்தவர்கள், என்னைப் பார்க்கவென்றே பெங்களூருக்கும் வந்தார்கள். நீலசந்திராவில் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. மீன் குழம்பு வைக்கப் பயந்து பிரியாணி செய்தேன். மீன்காரர்களுக்கு மீன் வைத்துப் பேர் வாங்க முடியுமா? தங்கும் விடுதியிலிருந்து அவர்களை நானே ஆட்டோவில் அழைத்து வந்தேன்.

எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது எர்வே தன் சின்ன நோட்டை எடுத்தார். தொழில் புத்தி. "உங்கள் பேட்டையின் பெயருக்கு என்ன பொருள்?" என்று கேட்டார்.

முப்பது வருடமாகக் குடியிருக்கும் இடம். யோசிக்கவே தேவையில்லை. நீலம், சந்திரன். "நீல நிலா" என்றேன். அழகான பெயர் என்று அவர் மனைவி சொன்னார். எர்வே எழுதத் தொடங்கினார். நீலநிலா என்று தமிழில் ஒரு முறை நானே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கன்னடக்காரர், எங்கள் பக்கத்துத் தமிழ் பேசுபவர். "என்ன மேடம் சொன்னீங்க, நிலாவா? சந்திரா இல்ல மேடம், ஸந்த்ரா. பொம்மசந்த்ரா, சிங்கசந்த்ரா மாதிரி. ஸந்த்ரான்னா சமுத்ரா. பெரிய கெரே, அதான் ஏரி, இருந்தா எங்க ஜனங்க சமுத்ரான்னுதான் சொல்வாங்க. நீல சமுத்ரா."

எர்வேயின் பேனா நின்றிருந்தது. சமுத்திரம் என்ற சொல்லை எப்படியோ பிடித்துவிட்டார் போலிருக்கிறது. நான் மொழிபெயர்த்தேன். அவர் ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி இரண்டு பக்கமும் பார்த்தார். மாடிமேல் மாடி, கறிக்கடை, துணி காயும் கம்பிகள், பைக்கில் மூன்று பேர்.

"எங்கே?" என்றார்.

"ஏரி எங்கப்பா?" என்று நான் ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

அவர் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி மீட்டரை அணைத்தார். "அப்போ ஏரி இருந்துச்சு மேடம். இப்போ நீங்க இருக்கீங்க."